ஆறு அரிசி, ஒரு மூடி: சோற்றின் குணத்தை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி

போன தை மாதம் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. விடிகாலை ஐந்து மணிக்குக் கிளறி இறக்கிய எலுமிச்சைச் சாதம், பதினொன்றரைக்கு இலையில் விழுந்தபோது சலசலவென்று சத்தம் போட்டது. ஒவ்வொரு பருக்கையும் தனியாக, விறைப்பாக நின்றது. ஐந்து மணிக்கு நானே ஒரு வாய் போட்டுப் பார்த்திருந்தேன், பூப்போல இருந்தது. சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “டீச்சர், கையில குத்தம் இல்ல, அரிசியில குத்தம்” என்றார். சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் பேச்சு எடுபடவில்லை. மூட்டையின் அடியில் மிச்சமிருந்த பச்சரிசியில் இரண்டு கைப்பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு நான் ஊர் திரும்பினேன். மூட்டையில் போட்டிருந்த பெயர் ‘பழைய பொன்னி’.

நான் 31 வருஷம் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணு மா நிலம் இருக்கிறது. சம்பா பட்டத்தில் வீட்டுத் தேவைக்கு மட்டும் நாலைந்து ரகம் போடுவோம். எந்த நெல்லை விதைக்கு எடுப்பது, எதைப் பொங்கலுக்கு, எதைக் கட்டுச்சாதத்துக்கு என்பதை இப்போதெல்லாம் திண்ணையில் வைத்தே சோதித்துவிடுகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேண்டியவை: அயோடின் கரைசல், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, புதுப் பிளேடு, மில்லிமீட்டர் போட்ட ஸ்கேல், மூடியுள்ள சிறிய கண்ணாடிக் கிண்ணங்கள்.

முதலில் அரிசிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம்.

அரிசியில் பெரும்பங்கு மாவுச்சத்து. அதில் இரண்டு வகை. அமைலோபெக்டின் என்பது கிளை கிளையாகப் பிரிந்த மரம். அமைலோஸ் என்பது பெரும்பாலும் கிளையில்லாத நீளக் கயிறு. சோறு வேகும்போது கயிறுகள் அவிழ்ந்து நெகிழ்கின்றன. ஆறும்போது ஒன்றோடு ஒன்று ஒட்டி, வரிசை கட்டி, விறைத்துக்கொள்கின்றன. அமைலோஸ் அதிகமுள்ள அரிசி சூட்டில் உதிரியாக வரும், ஆறினால் கெட்டிப்படும். குறைவாக இருந்தால் ஒட்டும், குழையும், ஆறினாலும் மெத்தென்றே இருக்கும். 2 சதவீதம் வரைக்கும் இருந்தால் ஒட்டரிசி. 20 வரை குறைவு, 20 முதல் 25 வரை நடுத்தரம், 25-க்கு மேல் அதிகம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த அளவைத் தீர்மானிப்பது முக்கியமாக ஒரே ஒரு மரபணு. நெல்லின் 12 குரோமோசோம்களில் ஆறாவதில் இருக்கிறது. ஒட்டரிசியை நறுக்கினால் வெட்டுமுகம் மெழுகு மாதிரி இருப்பதால் இதற்கு மெழுகு என்ற பொருளில் ‘வாக்ஸி’ என்று பெயர். அமைலோஸ் கயிற்றைத் திரிக்கும் நொதியை இந்த மரபணுதான் செய்கிறது. நம் பக்கத்து உதிரிச் சோற்று ரகங்களில் அது முழு வேகத்தில் ஓடுகிறது. ஜப்பான் பக்கத்து அரிசிகளில் மரபணுச் செய்தியிலிருந்து வெட்டி எறியப்படும் துண்டுகளில் (இன்ட்ரான்) முதலாவதன் தொடக்கத்தில், ‘ஜி’ என்ற டி.என்.ஏ. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரே எழுத்துப் பிழையால் செய்தி சரியாக வெட்டி ஒட்டப்படுவதில்லை. நொதி குறைகிறது, அமைலோஸ் குறைகிறது. ஒட்டரிசியில் பெரும்பாலும், செய்தியில் தங்கும் துண்டுகளான எக்ஸான்களில் இரண்டாவதில் 23 எழுத்துகள் இருமுறை வந்து விழுந்து, நொதியே உருவாவதில்லை. நடுத்தர அமைலோஸுக்கு ஆறாவது எக்ஸானில் ஒரு எழுத்து மாற்றம் காரணம்.

பிலிப்பைன்ஸில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர்.8 என்ற நெல் ரகம் வந்தது 1966-ல். விளைச்சலில் அதை அடிக்க ஆளில்லை. சோற்றைப் பற்றி என் மாமியாரிடம் கேளுங்கள்: “மத்தியானம் வடிச்சது ராத்திரிக்குக் கல்லும்மா. பழையதுல போட்டாத்தான் வழிக்கு வரும்.” அது அமைலோஸ் அதிகமான ரகம். அதே பிலிப்பைன்ஸ் நிலையத்திலிருந்து 1985-ல் வந்த ஐ.ஆர்.64 நடுத்தர அமைலோஸ். அது இத்தனை நாட்டு அடுப்புகளில் ஏறியதற்கு அந்த மென்மையும் ஒரு காரணம்.

அயோடின்: முதல் சோதனை

பள்ளி ஆய்வகத்து அயோடின் கரைசல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மருந்துக்கடையில் புண்ணுக்குப் போட வாங்கும் பொவிடோன் அயோடினை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டுத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். அரிசியைக் குறுக்கே பிளேடால் வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் ஒரு சொட்டு. சாதாரண அரிசி என்றால் சில நொடிகளில் கருநீலம். ஒட்டரிசி என்றால் செம்பழுப்பு, பழைய செங்கல் நிறம்.

வெட்டாமல் மேலே சொட்டு விடாதீர்கள். கவுனி மாதிரிக் கறுப்புத் தோல் உள்ள அரிசியில் தோலின் சாயமே கண்ணை ஏமாற்றும். காரைக்குடிப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய கவுனி அழகாகச் செம்பழுப்புக் காட்டியது. இணையத்தில் வாங்கிய இன்னொரு பொட்டலம், அதே பெயர், அதைவிட இரண்டு மடங்கு விலை, பத்துக்கு ஏழு அரிசி நீலம். கவுனி அரிசி இனிப்பு ஏன் சேர்ந்து வரவில்லை என்று அடுப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்த என் நாத்தனாருக்கு அன்றைக்கு ஆறுதல் கிடைத்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனை ஒட்டரிசி, ஒட்டாத அரிசி என்ற இரண்டைத்தான் பிரிக்கும். 18 சதவீதமா 27-ஆ என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டும் நீலம்தான். அதற்கு மாவைக் காரத்தில் கரைத்து, அயோடின் சேர்த்து, 620 நானோமீட்டர் ஒளியில் நிற ஆழத்தை அளக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஜூலியானோ 1971-ல் எளிமைப்படுத்திக் கொடுத்த முறை அது. வீட்டில் வேண்டாம். வீட்டுக்கு வேறு வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

ஆறு அரிசியும் ஒரு ராத்திரியும்

எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான். 1958-லிருந்து உலகம் முழுக்க நெல் ஆராய்ச்சியாளர்கள் இதையேதான் செய்கிறார்கள். 1.7 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் வேண்டும். புத்தகக் கணக்கில் 100 மில்லிலிட்டருக்கு 1.7 கிராம். ஆனால் டப்பாவில் வரும் வில்லைகள் ஏறத்தாழ 85 சதவீதம்தான் சுத்தம், மிச்சம் ஈரம். ஆகவே 2 கிராம் போடுங்கள். இதைக் கவனிக்காமல் நான் முதல் மாதம் முழுக்கத் தப்பான முடிவுகளை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். திரவ சோப்பு செய்கிறவர்கள் வாங்கும் காஸ்டிக் பொட்டாஷ் என்பதும் இதே சரக்குதான்.

கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். தண்ணீரில் வில்லையைப் போடுங்கள், வில்லை மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கரையும்போது சூடாகும், ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். அலுமினியப் பாத்திரம் பக்கமே போகக் கூடாது, அரித்துவிடும். பேரக்குழந்தைகள் வந்திருக்கும் நாளில் செய்யாதீர்கள்.

உடையாத, தீட்டிய பச்சரிசி ஆறு எடுங்கள். கிண்ணத்தில் ஒன்றோடு ஒன்று தொடாமல் பரப்பி, 10 மில்லி கரைசல் ஊற்றி மூடுங்கள். 23 மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். வெப்பம் 30 டிகிரி என்று புத்தகம் சொல்கிறது; அதற்கென்று பெட்டி வாங்க வேண்டாம், டெல்டாவில் ஐந்தாறு மாதத்துக்கு நம் கூடமே 30 டிகிரி. காலை எட்டுக்கு வைத்தால் மறுநாள் ஏழுக்குப் பார்க்கலாம். கிண்ணத்துக்கு அடியில் கறுப்புத் துணி விரியுங்கள், அப்போதுதான் தெரியும்.

சில அரிசி போட்டது போட்டபடி கிடக்கும். அதற்கு மதிப்பெண் 1. லேசாக ஊதியிருந்தால் 2. ஊதியதைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு வளையம் அரைகுறையாகப் படர்ந்திருந்தால் 3, வளையம் முழுசாகவும் அகலமாகவும் இருந்தால் 4, அந்த வளையத்துக்குள் அரிசி நெடுக வெடித்திருந்தால் 5. உருவம் கலைந்து வளையத்தோடு கரையத் தொடங்கினால் 6. அரிசி இருந்த இடத்தில் அரிசியே இல்லாமல் மார்கழிப் பனி மாதிரி ஒரு மங்கல் மட்டும் மிச்சமிருந்தால் 7.

எண் சொல்வது என்ன? மாவுச்சத்து எந்த வெப்பத்தில் கட்டவிழ்ந்து கஞ்சியாகிறது என்பதை. கரைந்துபோன 6, 7 என்றால் 70 டிகிரிக்குக் கீழேயே கட்டவிழும், சீக்கிரம் வேகும். 4, 5 என்றால் 70 முதல் 74. அசையாத 1, 2 என்றால் 75-க்கு மேல். தண்ணீரும் விறகும் கூடுதலாகக் கேட்கும் அரிசி. இதற்கு வேறொரு மரபணு காரணம். அமைலோபெக்டினின் கிளைகளை நீட்டும் நொதியைச் செய்வது அது. காரத்தில் கரைவதை வைத்தே பிடிபட்டதால் காரம் என்ற சொல்லைச் சுருக்கி ‘ஏ.எல்.கே.’ என்று கூப்பிடுகிறார்கள். நொதியில் இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் மாறினால் போதும், கிளைகள் குட்டையாகின்றன, கட்டு தளர்கிறது.

இதுவும் ஆறாவது குரோமோசோமில்தான், மெழுகு மரபணுவுக்கு அதே தெருவில் கொஞ்சம் தள்ளி. அதனால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆனாலும் பிரிந்து போவதும் உண்டு. அந்தப் பிரிவுதான் எங்கள் வளைகாப்பைக் கெடுத்தது.

முந்தானையில் முடிந்து வந்த அரிசியைப் பத்துக் கிண்ணங்களில் ஆறு ஆறாக அறுபது போட்டேன். கூடவே சாட்சிக்கு, சென்னையிலிருந்து மகன் வாங்கிவந்த ஜப்பான் சுஷி அரிசி ஒரு கிண்ணம். அது 7-க்குப் போக வேண்டும், போகவில்லை என்றால் என் கரைசலில் தப்பு. மறுநாள் சுஷி கரைந்து போயிருந்தது. ‘பழைய பொன்னி’யில் 51 அரிசி கரைந்திருந்தது, 9 கற்சிலை மாதிரி நின்றது. இரண்டு விஷயம் தெரிந்தது. மூட்டையில் ஒரே ரகம் இல்லை. அதில் பெரும்பங்கு சீக்கிரம் வேகும் ஜாதி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே மரபணு உள்ள மூட்டைக்குத்தான் செல்லும். கலவனில் எந்தச் சோற்றை எடுத்து நசுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதம் மாறும்.

புழுங்கல் அரிசிக்கு இந்தச் சோதனையே செல்லாது. நெல்லை அவிக்கும்போதே மாவுச்சத்து ஒரு தரம் கட்டவிழ்ந்துவிட்டது. காரத்தில் அது காட்டும் கூத்துக்கும் மரபணுவுக்கும் சம்பந்தம் இல்லை. நெல்லாக இருந்தால் அவிக்காமல் ஒரு பிடி குத்திச் சோதியுங்கள்.

ஆறினால் கெட்டிப்படுமா?

சீக்கிரம் வெந்து பூவாக இருந்தது சரி, ஏன் ஆறு மணி நேரத்தில் கல்லானது? இதற்குத்தான் கூழ் சோதனை. பிலிப்பைன்ஸிலேயே 1973-ல் வகுத்தது. நன்றாகச் சலித்த அரிசி மாவு 100 மில்லிகிராம், சோதனைக் குழாயில். 0.2 மில்லி எத்தனால் விட்டு மாவு கட்டியாகாமல் நனையுங்கள். அதில் துளி தைமால் ப்ளூ என்ற சாயம் கலந்திருந்தால் பிறகு கூழின் முனை நன்றாகத் தெரியும். 0.2 நார்மல் (செறிவைக் குறிக்கும் அளவு) பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் 2 மில்லி சேர்த்துக் கலக்கி, கொதிக்கும் தண்ணீரில் 8 நிமிஷம். ஐந்து நிமிஷம் வெளியே ஆறவிட்டு, பனிக்கட்டித் தண்ணீரில் 20 நிமிஷம். பிறகு குழாயை ஸ்கேல் மேல் படுக்கப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். கூழ் குழாயின் அடியிலிருந்து 40 மில்லிமீட்டர் ஓடுவதற்குள் நின்றுவிட்டால் கெட்டி ஜாதி. 60 வரை நடுத்தரம். அதற்கு மேல் ஓடினால் மென்மை.

வளைகாப்பு அரிசி 31-ல் நின்றது. என் வயல் சம்பா 64. ஆக அந்த அரிசி ஏறத்தாழ ஐ.ஆர்.8 குணம்: காரத்தில் கரையும், அதாவது சீக்கிரம் வேகும், அமைலோஸ் தூக்கல், அதாவது ஆறினால் விறைக்கும். விடிகாலையில் ருசி பார்த்த என்னை ஏமாற்றியது முதல் குணம். பந்தியில் மானத்தை வாங்கியது இரண்டாவது. சமையல்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “இதை அன்னிக்கே சம்பந்திகிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர்” என்றார்.

அமைலோஸ் அதிகம் என்றாலே கூழ் கெட்டி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே அளவு அமைலோஸ் உள்ள இரண்டு ரகத்தில் ஒன்று கல்லாகும், ஒன்று மெத்தென்று இருக்கும். மெழுகு மரபணுவின் பத்தாவது எக்ஸானில் உள்ள ஓர் எழுத்து அந்த வித்தியாசத்தைச் செய்கிறது. அதனால்தான் வெறும் அமைலோஸ் சதவீதத்தைப் பார்த்து ரகம் வாங்காதீர்கள் என்று சொல்கிறேன்.

எத்தனாலும் குழாயும் இல்லாதவர்களுக்கு: ஒரு பங்கு அரிசி மாவுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் எடைபோட்டுக் கலந்து, கைவிடாமல் கிண்டிக் கஞ்சியாக்கி, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, குளிர்பெட்டியில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தட்டில் கவிழ்த்தால் கிண்ணத்து வடிவிலேயே நிற்பது கெட்டி. சரிந்து படர்வது மென்மை. எண் வராது, ஆனால் தெரிந்த அரிசி ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் செய்தால் பொய் சொல்லாது.

நேரமும் நீளமும்

இவை இரண்டும் எளிது, சுருக்கமாகச் சொல்கிறேன். கொதிக்கும் தண்ணீரில் அரிசியைப் போட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பத்தாவது நிமிஷத்திலிருந்து நிமிஷத்துக்குப் பத்துப் பருக்கை எடுத்து இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் வேகவில்லை. பத்தில் ஒன்பதில் பொட்டு மறைந்த நிமிஷம்தான் அந்த அரிசியின் நேரம். நீளத்துக்கு, பத்து அரிசியைத் தலையும் காலுமாக ஸ்கேல் மேல் அடுக்கி அளந்து, அரைமணி ஊறவைத்து வேகவிட்டு மறுபடி அளந்து வகுங்கள். நல்ல பாசுமதி ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். பச்சை அரிசியின் நீளத்தை மூன்றாவது குரோமோசோமில் உள்ள ‘ஜி.எஸ்.3’ என்ற மரபணு பெரிதும் பார்த்துக்கொள்கிறது. நீளமான அரிசி என்பதால் சோறு நன்றாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வாசனை: தழையிலேயே தெரியும்

வாசனை அரிசியில் மணப்பது இரண்டு-அசிட்டைல்-ஒன்று-பைரோலின் என்ற பொருள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பட்டரி குழுவினர் கண்டுபிடித்தார்கள்; ரம்பை இலையிலும் இதே பொருள்தான் என்று அவர்களே காட்டினார்கள். யாழ்ப்பாணத்துச் சமையலில் ரம்பை போடுகிறவர்களுக்குச் சோதிக்காமலே தெரிந்த சேதி.

எட்டாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு, மணப்பொருளாக மாற வேண்டிய மூலப்பொருளை வேறு பக்கம் திருப்பி அனுப்பும் நொதியைச் செய்கிறது. அது பழுதானால் மூலப்பொருள் தேங்கும், மணம் வரும். பாசுமதியிலும் தாய்லாந்து மல்லிகை அரிசியிலும் ஏழாவது எக்ஸானில் 8 எழுத்து விடுபட்டிருக்கிறது என்பதை 2005-ல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். வாசனை என்பது ஏதோ கூடுதலாக வந்த வரம் என்று நினைத்திருந்தேன். கெட்டுப்போன ஒரு நொதி. தாய் வழி, தகப்பன் வழி இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் மணக்கும்.

இளையான்குடியில் பிறந்த நெல் விஞ்ஞானி சித்திக்கும் சூட் என்பவரும் 1978-ல் சொன்ன முறை இது: தழை இரண்டு கிராம் பொடியாக நறுக்கி, அதே 1.7 சதவீதக் கரைசலில் 10 மில்லி விட்டு மூடி, பத்து நிமிஷம் கழித்துத் திறந்து மோந்து பார்ப்பது. கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாற்று வளர்ந்ததும் செடி செடியாகப் பார்த்துவிடலாம். மூக்கை உள்ளே விடாதீர்கள், கையால் விசிறி மோந்தால் போதும். நாலு கிண்ணத்துக்கு மேல் மூக்கு வேலை செய்யாது. எனக்குச் சளி என்றால் மாமியாரைக் கூப்பிடுவேன். 84 வயது, இன்றும் தப்பியதில்லை.

மரபணுவின் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள்

அரிசி பழசானால் உலை கூடுதலாகக் கேட்கும், பருத்து உதிரியாக வரும், பிசுக்குக் குறையும். அறுத்து ஒரு மாதமான அரிசியையும் ஒரு வருஷ அரிசியையும் பக்கத்தில் வைத்துச் சோதித்துவிட்டு ரகத்தைத் தீர்ப்புச் சொல்வது அநியாயம். வெயிலும் அப்படி. பால் பிடிக்கும் நாட்களில் வெக்கை அடித்தால் அரிசியின் வயிற்றில் வெள்ளை விழும், கட்டவிழும் வெப்பம் ஏறும், வாசனை குறையும். அந்த ‘டி’ எழுத்துப் பிழை உள்ள குறை அமைலோஸ் ரகங்களில் குளிர் இருந்தால் செய்தி சற்று நன்றாக வெட்டி ஒட்டப்படும், வெக்கையில் அமைலோஸ் இன்னும் குறைந்து போகும். அதே விதையைச் சம்பாவில் போட்டுத் தையில் அறுப்பதும் நவரையில் போட்டுச் சித்திரை வெயிலில் அறுப்பதும் ஒரே சோறு ஆகாது. ஆகவே ஒரே பட்டத்து, ஒரே வயது அரிசியைத்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொரு வழக்கமான சண்டையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பாரம்பரிய நெல் என்றாலே ருசி, ஆராய்ச்சி நெல் என்றாலே சக்கை என்று என் வாட்ஸப் குழுவில் தினமும் ஒருவர் எழுதுகிறார். கோணமணி என்ற பழைய ரகத்தில் தானாக நேர்ந்த மாற்றத்தைப் பிரித்தெடுத்து 1921-ல் கோயம்புத்தூரிலிருந்து கொடுத்ததுதான் ஜி.இ.பி.24, ஜனங்கள் கிச்சிலிச் சம்பா என்றார்கள். அதன் பேத்திதான் 1986-ல் பாபட்லாவிலிருந்து வந்த பி.பி.டி. 5204, நாம் ஆந்திரா பொன்னி என்று வாங்குவது. பானைக்கு இந்தக் கட்சிப் பிரிவினை தெரியாது.

அரை அரிசியைத் தின்று, அரை அரிசியை விதைப்பது

விதை எடுக்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம். கவுனியை மற்ற ரகத்துக்கு அடுத்த பாத்தியில் போட்டிருந்தேன். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர், பக்கத்துப் பயிரோடு கலப்பது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. அந்த ஒன்று எனக்கு அடுத்த வருஷமே வாய்த்தது. கவுனி விதையில் முளைத்த ஒரு செடி மட்டும் ஒரு முழம் உயரமாக நின்றது. அதன் கதிரில் எல்லா அரிசிக்கும் தோல் ஒரே மாதிரி. ஒவ்வொன்றாக வெட்டி அயோடின் விட்டேன். 84 அரிசியில் 62 நீலம், 22 செம்பழுப்பு.

ஒரே கதிரில் தோல் ஒரே மாதிரி, உள்ளே இரண்டு மாதிரி. ஏனென்றால் தோல் தாய்ச் செடியுடையது. உள்ளே இருக்கும் மாவுப் பகுதியான கருவூண் அடுத்த தலைமுறை. கருவூணில் தாயிடமிருந்து இரண்டு பங்கு, மகரந்தத்திடமிருந்து ஒரு பங்கு. நாம் தின்பது பிள்ளையை. நீலம் ஓங்கும் குணம்; ஒரு நல்ல பிரதி வந்தாலே நீலம். மூன்றுக்கு ஒன்று என்று மெண்டல் பட்டாணியில் எண்ணியதை நான் வேப்பமரத்தடியில் அயோடின் கறை படிந்த விரலால் எண்ணினேன்.

செய்முறை இப்படி. நெல்லைக் கையால் உமி நீக்குங்கள், ஆலையில் தீட்டக் கூடாது, கரு போய்விடும். அரிசியின் ஒரு முனையில் சாய்வாகக் குழி மாதிரி இருப்பதுதான் கரு இருக்கும் இடம். எதிர் முனையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிளேடால் நறுக்குங்கள். அந்தத் துண்டு அயோடினுக்கு. கரு உள்ள துண்டு, எண் எழுதிய முட்டைத் தட்டுக் குழிக்கு. துண்டுக்கும் அதே எண். செம்பழுப்புக் காட்டியவற்றை எடுத்து ஈரத் துணியில் முளைகட்டி, மண் நிரப்பிய தட்டில் ஊன்றுங்கள். மாவு குறைந்திருப்பதால் நாற்று முதல் பத்து நாள் சோணியாக இருக்கும், பதறாதீர்கள். பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், தண்ணீர் தேங்கவிடாதீர்கள். என் 22-ல் 15 பிழைத்தது.

ஒட்டரிசி வேண்டும் என்றால் வேலை இத்தோடு தீர்ந்தது. செம்பழுப்பு என்றால் எல்லாப் பிரதியும் பழுது என்று பொருள். அந்தக் குணத்தில் அடுத்த தலைமுறை மாறாது. உதிரி அரிசி வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் கூடுதல் வேலை. நீலத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளுக்குள் ஒரு பழுதுப் பிரதியை ஒளித்து வைத்திருக்கும். ஒவ்வொரு நீல அரிசியையும் தனிச் செடியாக வளர்த்து, அதன் கதிரிலிருந்து இருபது அரிசி வெட்டிப் பாருங்கள். இருபதும் நீலம் என்றால் அந்தச் செடியை விதைக்கு வையுங்கள். ஒன்று செம்பழுப்பு வந்தாலும் உலைக்கு அனுப்புங்கள்.

பூக்கும் முன் கதிருக்கு மெல்லிய காகிதப் பை மாட்டிக் கட்டிவிடுங்கள், பக்கத்துப் பாத்தியின் மகரந்தம் வராது. பையின் மேல் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் எழுதியதை ஐப்பசி மழை முதல் ராத்திரியே கழுவிவிட்டது. செடிகளில் எது எது என்று தெரியாமல், மறுபடி எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.